புதுப்பிப்பு: அம்மாவின் பித்தப்பை ஆபரேஷன் முடிந்தது

ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமரா விட்டு) செய்வதா, வயிற்றைத் திறந்து செய்வதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேலத்தில் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிந்தது.

உதவியது, "பாதியில் திறக்க வேண்டி வந்தால் என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்ற யோசனைதான். வீக்கமோ ஒட்டுதலோ அதிகமாகிப் பித்தநாளம் (பித்தநீர் போகும் குழாய்) தெளிவாகத் தெரியாவிட்டால், வலது விலாவுக்குக் கீழே திறப்பதுதான் பாதுகாப்பு என்றார் டாக்டர். இரண்டுக்கும் சேர்த்தே முன்கூட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அது தேவைப்படவில்லை, நான்கு சிறு துளைகளோடு சரி. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து, அப்புறம் கொஞ்ச நாள் சித்தி வீட்டில் தங்கவைத்தோம்.

எதிர்பாராதது தோள்பட்டை வலி. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு, உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) உறுத்துவதால் வருவது. மாரடைப்போ என்று அம்மா மிரண்டேவிட்டார். டாக்டர் பார்த்து, மாரடைப்பு இல்லை, இந்த வாயு வலிதான் என்று உறுதிசெய்தார். மெல்ல நடக்க நடக்கக் குறைந்தது. எண்ணெய்ப் பலகாரம் மட்டும் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.