உள்ளே போயிருக்கும் முலைக்காம்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

மழைத்துளி27:
நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் இங்கே. வயது 27. வயதுக்கு வந்ததிலிருந்தே எனக்கு இரண்டு காம்பும் உள்ளேதான். வலது பக்கம் குளிருக்கு எட்டிப் பார்க்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பப் போய்விடும். இடது பக்கம் விரலால் பிதுக்கினாலும் வராது, ஒரு கீறல் மாதிரி மடிப்பு மட்டும்தான் தெரியும். வலியோ கசிவோ இல்லை. சீக்கிரமே திருமணம். டாக்டரிடம் போனேன். சின்ன ஆபரேஷன்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். நான் எழுந்து கதவுவரை வந்த பிறகு, "பின்னாடி பால் கொடுக்க முடியாமல் போகலாம், யோசித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீற்று:
வாம்மா. நான் செய்துகொண்டு ஐந்து வருடம் ஆகிறது, கல்யாணத்துக்கு முன்பே. உன் நிலைமையேதான்: வலது வந்து வந்து போகும், இடது அசையாது.

மெத்தை தைக்கும்போது நடுவில் நூல் கோத்து இறுக்கிய இடம் குழிந்து நிற்கும் இல்லையா, உள்ளே நடப்பது அதுதான். பால் நாளங்கள் குட்டையாக இருக்கும், சுற்றிலும் நார்த்திசு காம்பை அடியிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். 1999இல் ஹான், ஹாங் என்ற இருவர் இதை மூன்று நிலையாகப் பிரித்தார்கள். இழுத்தால் வந்து அப்படியே நிற்பது முதல் நிலை, வந்துவிட்டுத் திரும்பிப் போவது இரண்டு, வரவே வராதது மூன்று. எனக்கு வலது இரண்டு, இடது மூன்று.

ஆபரேஷனும் ஒரே மாதிரி கிடையாது, இதை உன் டாக்டர் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நாளங்களை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையிலுள்ள நாரை மட்டும் பிரித்துவிடுவது ஒரு முறை. எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிவிட்டு, காம்பின் அடியில் சுருக்குப்பை கயிறு போலத் தையல் போட்டு நிறுத்துவது இன்னொன்று. முதல் முறையில் பால் வர வாய்ப்பு உண்டு, ஆனால் காம்பு மறுபடி உள்ளே போகும் ஆபத்து அதிகம். இரண்டாவதில் நன்றாக நிற்கும், பாலை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு வலதில் நாளத்தை விட்டார், இடதில் வெட்டினார்.

அன்று மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது, அவ்வளவே. படுத்தி எடுத்தது பிறகுதான். பிளாஸ்டிக் சிரிஞ்சின் குழாயை நறுக்கிக் காம்பின் மேல் கவிழ்த்து, காம்பில் கோத்த நூலை அதன் மேல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் அதோடுதான் இருந்தேன். மல்லாந்துதான் தூக்கம், சட்டை பட்டாலே உயிர் போகும். காம்பின் நிறம் கறுக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னார்கள், ரத்த ஓட்டம் குறைந்தால் அப்படி ஆகுமாம். அதைக் கழற்றிய பிறகும் பஞ்சுத்துணியை வளையமாகச் சுற்றி நடுவில் ஓட்டை விட்டு வைத்துக்கொண்டேன். வலதில் உணர்ச்சி இரண்டு மாதத்தில் திரும்பியது. இடது இன்றைக்கும் பாதி மரத்தாற்போலத்தான்.

நான்காம் மாதமே வலது பாதி உள்ளே போய்விட்டது. பிள்ளை பிறந்ததும்தான் வேடிக்கை. நிமிர்ந்து நின்ற இடதில் பால் கட்டிக்கொண்டு கல்லாகி, காய்ச்சலும் வந்து, வழியில்லாமல் மெதுவாக வற்றிப்போனது. பாதி உள்ளே கிடந்த வலதில்தான் என் மகள் பதினோரு மாதம் குடித்தாள்! வெட்டாமல் விட்டிருந்தால் இடதிலும் குடித்திருப்பாளோ என்று இப்போதும் தோன்றும். கண்ணாடி முன் நிற்கும்போது அந்த எண்ணம் வராது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வார்டுக்காரி:
பிரசவ வார்டில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதில்லை, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துத்தான் வாய் நிறைய வாங்கும். அதனால் உள்ளே போன காம்போடு பால் கொடுத்த தாய்மார்கள் நிறைய பேர். கர்ப்பத்தில் தானாகவே ஓரளவு வெளியே வருவதும் உண்டு. பால் கொடுக்குமுன் கொஞ்சம் பம்ப் போட்டால் காம்பு நீளும், தேவைப்பட்டால் காம்பின் மேல் வைத்துக்கொள்ளும் மெல்லிய சிலிக்கோன் கவசமும் இருக்கிறது.

விரலால் இழுத்துவிடும் ஹாஃப்மன் பயிற்சி என்று ஒன்று சொல்வார்கள். 1992இல் பிரிட்டனில் கர்ப்பிணிகளிடம் சோதித்தபோது அதனால் பலன் தெரியவில்லை. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மெல்ல உறிஞ்சி இழுத்து வைக்கும் சின்னக் கருவி முதல் இரண்டு நிலைக்காரர்களில் சிலருக்கு உதவுகிறது, வலதுக்கு அதை முயன்று பாரும்மா. இடதை என்னைக் கேட்டால் பிள்ளைகள் பெற்று முடியும்வரை தொடாதே. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் இந்த ஆபரேஷன் வேண்டாம். சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே விட்டுவிட வேண்டும், காயம் ஆறாது.

நாற்பத்தைந்து:
தங்கைக்குப் பொருந்தாது, ஆனாலும் மற்றவர்களுக்காக. நன்றாக இருந்த காம்பு எனக்குப் போன வருடம் ஒரு பக்கம் மட்டும் உள்ளே போனது. வயசாகிறது என்று இரண்டு மாதம் சும்மா இருந்தேன், தப்பு. புதிதாக இப்படி ஆனால் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். எனக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது) எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் பால் நாளம் விரிந்து வீங்கியதுதான் என்று தெரிந்தது. அதுவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மழைத்துளி27:
எல்லோருக்கும் நன்றி. கீற்று அக்கா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். இடதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், வலதுக்குக் கருவி. இன்னொன்று, கேட்கவே கூச்சம்: அந்த மடிப்புக்குள் வெள்ளையாக அழுக்கு சேர்ந்து வாடை அடிக்கிறது. அது நோயா?

வார்டுக்காரி:
இல்லம்மா, உதிர்ந்த தோலும் எண்ணெய்ப்பசையும்தான். பஞ்சுக்குச்சியை வெந்நீரில் நனைத்து மெதுவாகத் துடை, அப்புறம் ஈரத்தை ஒற்றி எடு. சோப்பு போட்டுத் தேய்க்காதே. சிவந்தாலோ, வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ மட்டும் தாமதிக்காமல் காட்டு.