வளர்ப்பு மீன் கடல் மீனுக்கு ஈடாகுமா?

ஆயிர் ஈத்தாம் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பினாங்குச் சந்தைகளில் கெம்போங் (கானாங்கெளுத்தி), தெங்கிரி (வஞ்சிரம்) ஆகிய கடல் மீன்கள் விலையேறிக்கொண்டே போக, சியாக்காப் (கொடுவா), திலாப்பியா, பாத்தின் (ஒரு கெளுத்தி வகை) முதலிய வளர்ப்பு மீன்கள் எங்கள் வீட்டுச் சமையலில் மெல்ல மெல்ல இடம்பிடித்துவிட்டன. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வளர்த்தெடுக்கப்பட்ட மீன், இறால், சிப்பி வகைகள் 94.4 மில்லியன் டன். பிடிக்கப்பட்டவை 91 மில்லியன் டன். வளர்ப்பு முந்தியது இதுவே முதன்முறை. இனிக் கடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்கிறார்கள் சிலர். வளர்ப்பு மீனுக்கே கடல் மீனைத்தானே அரைத்துப் போடுகிறார்கள் என்று மறுக்கிறார்கள் வேறு சிலர். துறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோலாலம்பூர் அன்பர்:

சகோதரி, எந்த மீனை வளர்க்கிறோம், அதற்கு எதைத் தீனியாகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். கடலிலும் ஆறுகளிலும் பிடிக்கப்படும் அளவு 1980களின் இறுதியிலிருந்து பெரிதாக உயரவில்லை. அதற்குப் பின் கூடிய தேவையை ஏறக்குறைய முழுவதும் வளர்ப்புதான் சுமந்து வருகிறது. ஆனால், பிடிபடுவதில் ஏறத்தாழ 17 மில்லியன் டன் இன்றும் மீன்தூளாகவும் மீனெண்ணெயாகவும் மாறுகிறது. அதற்கான மிகப் பெரிய ஒற்றை ஊற்று, பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி இனம். எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பநிலை மாற்றத்தால் அக்கடல் வெப்பமடைந்து, வலையில் குஞ்சுகளே மிகுதியாக விழுந்ததால், 2023இன் முதல் மீன்பிடிப் பருவத்தை அந்நாடு ரத்து செய்தபோது, உலகெங்கும் தீவன விலை உயர்ந்தது. ஒரு கரையில் நேரும் மாற்றம் இங்குள்ள மீன் வளர்ப்புக் கூண்டுகள் வரை எட்டுகிறது என்றால், வளர்ப்புத் தொழில் கடலிலிருந்து விடுபட்டுவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

முன்னேற்றமும் உண்டு. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990 வாக்கில் சுமார் 90 விழுக்காடு கடல்சார் பொருள்களே இருந்தன. இப்போது அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இடத்தை நிரப்பியவற்றில் முதன்மையானது சோயா என்பதால், சுமையில் ஒரு பகுதி கடலிலிருந்து நிலத்துக்கு நகர்ந்தது என்பதையும் மறைக்கலாகாது. கெண்டை, திலாப்பியா போன்றவற்றுக்கு மீன்தூள் மிகக் குறைவாகவே தேவைப்படும். சியாக்காப்பும் களவாவும் பிற மீன்களைத் தின்று வாழும் இனங்கள். அவற்றின் கணக்கு வேறு.

நிபோங் திபால் அன்பர்:

மேலே கூறியது சரியே. ஆயினும், தீவனம் என்றால் ஆலையில் செய்த உருண்டைத் தீனி மட்டும் என்று எண்ண வேண்டாம். என் உறவினர் கூண்டு வைத்திருக்கிறார். இப்பகுதியில் களவாவுக்கும் சியாக்காப்புக்கும் இழுவைப் படகுகள் கொண்டுவரும் கழிசல் மீனை வெட்டிப் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விட்டுவைத்திருந்தால் நாளை சந்தைக்கு வந்திருக்கக்கூடிய குஞ்சுகளும் அந்தக் குவியலில் கிடப்பதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கடலோர மீனவரின் நாளைய வருமானம் அது. உருண்டைத் தீனிக்கு மாறினால் நோயும் நீரின் மாசும் குறையும் என்பதைக் கூண்டுக்காரர்களும் அறிவார்கள். ஆனால் செலவில் பெரும்பகுதி தீனிக்கே போகும் தொழிலில், கடன் வசதியோ உதவியோ இல்லாமல் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

சுங்கை பட்டாணி ஆசிரியை:

ஊட்டச்சத்தின் கோணத்தையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட்ஃபிஷ் என்னும் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. தலையோடும் முள்ளோடும் முழுதாக உண்ணப்படும் சிறுமீன்களில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, இரும்பு, துத்தநாகம் ஆகியவை செறிந்திருப்பதை அவருடைய வங்கதேச ஆய்வுகள் எடுத்துக்காட்டின. கெண்டை வளர்க்கும் குளத்திலேயே அச்சிறுமீன்களையும் சேர்த்து வளர்க்கும் முறையையும் அவர் பரப்பினார். ஏழைக் குடும்பத்துக் குழந்தை அப்படியே உண்ணக்கூடிய மீனை அரைத்து, வசதி படைத்தவர் உண்ணும் மீனுக்குத் தீனியாக்குவதை வளர்ச்சி என்று ஏற்க என்னால் இயலவில்லை. எத்தனை டன் வளர்ந்தது என்பதோடு, அது யாருடைய தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஆயிர் ஈத்தாம் வாசகி:

விரிவான பதில்களுக்கு நன்றி. அப்படியானால் தீனியே வேண்டாத கெராங் (சேற்றில் வளரும் ஒருவகைச் சிப்பி) முதலிய சிப்பி வகைகளை அதிகம் வாங்குவது நல்லதல்லவா?

கோலாலம்பூர் அன்பர்:

கொள்கையளவில் அவையே மிகச் சிறந்தவை. நீரில் மிதக்கும் நுண்பாசிகளை வடிகட்டி உண்டு வளர்பவை. ஆனால் அதே காரணத்தால் ஆறு சுமந்துவரும் கழிவும் அவற்றின் உடலில் சேர்ந்துவிடும். சேற்றுப்படுகைகளில் வளரும் கெராங்கின் விளைச்சல் 2010க்குப் பிறகு மலேசியாவில் பெரிதும் சரிந்ததற்கு நீரின் மாசும் ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. ஆகவே அவற்றை நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். மீன் வாங்கும்போது அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, நல்ல வேளாண் முறைகளுக்கு மலேசிய அரசு வழங்கும் மைகேப் சான்றிதழ் பெற்ற பண்ணையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலருக்கு விடை தெரியாது. எனினும் வாங்குபவர்கள் தொடர்ந்து கேட்டால், அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் அவர்களும் அதையே கேட்பார்கள்.