டிராஃப்டில் மேலே ஏற எதிர்காலப் பிக்கைக் கொடுக்கலாமா?

கேள்வி:
2025 என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் நிகழ்வில், நியூ ஆர்லியன்ஸ் அணி, 23ஆவது பிக்கோடு (தேர்வு உரிமையோடு) 2026ஆம் ஆண்டின் முதல் சுற்றுப் பிக் ஒன்றையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்து, 13ஆவது இடத்துக்கு ஏறி டெரிக் குயீனை எடுத்தது. அந்த 2026 பிக், நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி ஆகிய இரு அணிகளின் பிக்குகளில் எது மேலானதோ அது; பிக் மிக மேலே விழுந்தால் கொடுத்த அணியே வைத்துக்கொள்ளும் என்ற பாதுகாப்பு நிபந்தனை எதுவும் கிடையாது. முந்தைய பருவத்தில் 21 ஆட்டங்களில் மட்டுமே வென்ற அணி, பத்து இடங்கள் ஏறுவதற்கு இவ்வளவு கொடுப்பது முறையா? வீரர் மீது நம்பிக்கை இருந்தால் விலை பார்க்கக் கூடாது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1:
நம்பிக்கை மட்டும் போதும் என்றால் 2017இல் பிலடெல்ஃபியா தோற்றிருக்கக் கூடாது. மூன்றாவது பிக்கோடு எதிர்கால முதல் சுற்றுப் பிக் ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்து, முதலிடத்தில் மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள்; தோள்பட்டைச் சிக்கலால் அவர் அந்த அணிக்காக 33 ஆட்டங்கள் ஆடியதோடு சரி, 2019 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்கு மாற்றப்பட்டார். இரண்டு இடங்கள் இறங்கிய பாஸ்டனோ, தான் விரும்பிய ஜேசன் டேட்டமையே எடுத்து, 2024இல் கோப்பையும் வென்றது.

பதில் 2:
ஒரு தோல்வியை வைத்து ஏறுவதே தவறு என்று முடிவுகட்டுவது சரியல்ல. அதே 2017இல் யூட்டா, 24ஆவது பிக்கையும் டிரே லைல்ஸையும் டென்வருக்குக் கொடுத்து 13ஆவது இடத்தில் டோனவன் மிட்செலை எடுத்தது. அதில் எதிர்காலப் பிக் எதுவும் கைமாறவில்லை. மறு ஆண்டு டாலஸ், ஐந்தாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறி லூக்கா டோன்சிச்சைப் பெறுவதற்கு 2019 முதல் சுற்றுப் பிக்கை அட்லாண்டாவுக்குக் கொடுத்தபோதும், அது முதல் ஐந்து இடங்களுக்குள் விழுந்தால் தன்னிடமே இருக்கும் என்று நிபந்தனை வைத்தது. கடைசியில் அட்லாண்டாவுக்குக் கிடைத்தது பத்தாவது பிக்.

பதில் 3:
அந்த நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. டிராஃப்டின் மேல் இடங்களைக் குலுக்கலால் ஒதுக்கும், 2019இல் நடைமுறைக்கு வந்த லாட்டரி முறையில், பட்டியலின் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். ஆகவே அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் அணியின் பிக்கும் எளிதில் மேலே தாவிவிடும். 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு இருந்த டாலஸ் முதலிடம் பெற்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்ததே சாட்சி. எனவே நிபந்தனையற்ற பிக்கைக் கொடுப்பவர், வரும் வீரரை மட்டுமல்லாமல், தம் அணி அடுத்த ஆண்டு தேறிவிடும் என்பதையும் சேர்த்தே பந்தயம் கட்டுகிறார். வலுவான அணி இதைச் செய்தால் புரிந்துகொள்ளலாம்: 2024இல் மினசோட்டா, கான்ஃபரன்ஸ் (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிவரை சென்ற கையோடு, 2031 பிக்கையும் 2030இல் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து எட்டாவது இடத்தில் ராப் டில்லிங்ஹாமைப் பெற்றது. 21 வெற்றி அணிக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், நீங்கள் பொறுப்பில் இருந்திருந்தால் குயீனை விட்டுவிடுவீர்களா?

பதில் 3:
அந்த லாட்டரி முறையில் குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்குத்தான் என்பதால், அந்த நான்கு இடங்களுக்காவது பாதுகாப்பு கேட்டிருப்பேன். அட்லாண்டா மறுத்தால் 23ஆவது இடத்திலேயே இருந்து, மிஞ்சியவர்களில் நல்லவரை எடுத்திருப்பேன்.