1986 பத்து காசில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது: டபுள்டு டையா, மெஷின் டப்ளிங்கா?

ஈசூன்_பையன்:
வணக்கம். பெரியப்பாவின் மைலோ டின்னில் கிடந்த சிங்கப்பூர் 10 காசு, மல்லிகைப் பூ போட்ட பழைய வரிசை. சின்னத்தைச் சுற்றி நாலு மொழியில் பெயர் இருக்கில்லையா, அதில் 'சிங்கப்பூர்' மட்டும் ஓரத்தில் இரண்டாகத் தெரிகிறது. இதே மாதிரி ஒன்றை இணையத்தில் 'டபுள்டு டை' என்று 150 வெள்ளிக்கு (டாலருக்கு) போட்டிருக்கிறார்கள். கையில் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பிடோக்_மணி:
யாரும் என்ன விலையும் போடலாம் தம்பி. வித்து முடிஞ்ச விலை என்னன்னு பாருங்க.

தெம்பனீஸ்_அக்கா:
ஒரு பக்கம் மட்டும் இரட்டையா இருந்தா அது மெஷின் டப்ளிங்தான். நேரத்தை வீணாக்காதீங்க.

காசுப்பைத்தியம்:
அக்கா, அதை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது. அந்தக் காலத்தில் ஹப்பை (படம் மேடா இருக்கிற மூல முத்திரை) காசு அடிக்கிற அச்சில், அதாவது டையில், ஒரே அழுத்தில் பதிக்க மாட்டாங்க. அழுத்தினா உலோகம் இறுகிடும். சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்தணும். ரெண்டாவது அழுத்து கொஞ்சம் விலகினாலும் அச்சிலேயே இரட்டைப் படம் விழுந்துடும், அதுதான் டபுள்டு டை. ஒரு ஓரத்தை மையமா வச்சு விலகினா எதிர் ஓரத்தில் மட்டும்தான் தெரியும்.

மெஷின் டப்ளிங் வேற. அச்சு சரியாத்தான் இருக்கும். அடி விழுந்த கையோட, இறுக்கமில்லாத அச்சு லேசா துள்ளி, அப்பதான் எழும்பின எழுத்தோட ஓரத்தை அமுக்கிடும்.

தம்பி, லூப்பில் ரெண்டாவது உருவத்தோட உயரத்தைப் பாருங்க. அசல்னா அதுவும் உருண்டு மேடா இருக்கும், எழுத்து தடிச்சிருக்கும், கோடு முடியற மூலையில் 'V' மாதிரி பிளவு தெரியும். மெஷின்னா படிக்கட்டு போல தட்டையா, தாழ்வா, பளபளன்னு இருக்கும். எழுத்து இளைச்சுப் போயிருக்கும். சாதாரண 1986 காசு ஒன்றைப் பக்கத்தில் வச்சுப் பாருங்க.

ஈசூன்_பையன்:
டின்னில் இன்னொரு 1986 இருந்தது. அதோடு வைத்தால் இதில் 'ங்' மெலிசாக இருக்கிறது. ஓரம் தட்டை, வெளிச்சம் பட்டால் மின்னுகிறது. பிளவு எங்கும் இல்லை.

காசுப்பைத்தியம்:
அப்போ மெஷின் டப்ளிங். மதிப்பு 10 காசுதான் 😄 விற்கிறவர் படத்திலும் அந்தத் தட்டை ஓரம் இருந்தா 150 வெள்ளியைப் பத்திரமா வச்சுக்கங்க. அமெரிக்காவில் இது பழைய கதை. 1955 லிங்கன் சென்ட்டில் வருஷமும் எழுத்தும் வெறுங்கண்ணுக்கே இரண்டாத் தெரியற அசல் உண்டு. அதே வருஷத்தில் அச்சு தேய்ஞ்சதால் எண் கலங்கின காசும் உண்டு. அதை 'ஏழையோட டபுள்டு டை'ன்னு பேர் வச்சு வித்தாங்க.

தெம்பனீஸ்_அக்கா:
சரி, மெஷின்தானே? நான் சொன்னது சரிதான் 😂

காசுப்பைத்தியம்:
விடை சரி, காரணம்தான் சரியில்லக்கா.

பிடோக்_மணி:
என்கிட்ட ஒரு 5 காசு, எழுத்துக்குள்ள ரெண்டா வெட்டுப்பட்ட மாதிரி. பக்கத்துல மேடும் தள்ளியிருக்கு.

காசுப்பைத்தியம்:
மேடு தள்ளியிருந்தா வேற உலோகம் பட்ட அடியா இருக்கலாம்ணே. வெளிச்சத்தை இடப்பக்கம் வச்சு ஒரு படம், வலப்பக்கம் வச்சு ஒரு படம் போடுங்க. அதுவரை தேய்ச்சுக் கழுவ வேண்டாம்.