கஹமார்கா தங்கச் சுரங்கம்: நேரில் போனவர்கள் கண்டதும் கேட்டதும்

லிமாவாசி:

பெருவில் ஓடும் மூன்று சக்கர மோட்டோடாக்சிகளில் நம்ம பஜாஜும் டிவிஎஸ்ஸும் நிறைய. அவற்றுக்கு உதிரிபாகம் சப்ளை செய்வது என் வேலை. அந்த வேலையாக வடக்கே மலைமேல் இருக்கும் கஹமார்காவுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். நகரத்துக்கு வடக்கே உள்ள மலைகளில்தான் யானகோச்சா தங்கச் சுரங்கம். 1993இல் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்காவின் நியூமாண்ட், பெருவின் புவனவெந்தூரா, உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி மூன்றும் பங்காளிகளாக நடத்தி, தென் அமெரிக்காவின் மிகப் பெரிய தங்கச் சுரங்கமாக வளர்ந்தது.

சுரங்கத்துக்குள் நான் போனதில்லை. வழியில் சோரோபம்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து மலை ஏறும் சாலை அந்த ஊருக்கு நடுவே போகிறது. வேனை ஓரம் கட்டி உள்ளே போனதும் கடைக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "வண்டியில என்ன ஏத்தியிருக்கீங்க?" பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் என்றேன். திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அப்புறம்தான் சூப் வந்தது.

காரணத்தை அவரே சொன்னார். 2000 ஜூன் 2ஆம் தேதி, சுரங்கத்திலிருந்து பாதரசம் ஏற்றி வந்த லாரியிலிருந்து 151 கிலோ வழியெல்லாம் சிந்தியது. சான் ஹுவான், சோரோபம்பா, மக்தலேனா என்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்துக்கு. ரோட்டில் வெள்ளி போல உருண்டதைப் பிள்ளைகள் கையாலேயே அள்ளி விளையாடினார்கள். பெரியவர்கள் இதில் தங்கம் கலந்திருக்கும் என்று நினைத்துப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குள் வைத்தார்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சியவர்களும் உண்டு. 900 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அந்த அம்மாவின் தங்கையும் அள்ளியவர்களில் ஒருத்தி. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கஹமார்காவில் சுரங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் தங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் இந்த ரோட்டைப் பற்றி. வேறு யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால் எழுதுங்கள்.

உருக்காலை:

தங்கம் பிரிக்கும் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி எழுதியதைப் படித்ததும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். பாதரசம் சேர்த்துத் தங்கம் பிரிப்பது சின்ன அளவில் தோண்டுகிறவர்கள் செய்வது. பெருவின் மாத்ரே தே தியோஸ் காட்டில் ஆறு ஆறாகக் கெட்டுப்போனது அப்படித்தான். இவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதற்குப் பாதரசம்?

கம்பெனி அதைச் சேர்க்கவில்லை. பாறையிலேயே இருந்தது. யானகோச்சா தாதுவில் டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அதனால் மலையையே வெடி வைத்துப் பெயர்த்து, தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் குன்று குன்றாகக் குவிக்கிறார்கள். அதன்மேல் நம் தோட்டத்துச் சொட்டு நீர்ப் பாசனம் மாதிரியே குழாய் போட்டு, சயனைடு கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் விடுகிறார்கள். சயனைடு தங்கத்தை மட்டும் கரைக்காது. வெள்ளி, பாதரசம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இறங்கி வரும். வடிந்த கரைசலில் துத்தநாகத் தூள் போட்டுப் படிய வைத்து, உருக்குவதற்கு முன்னால் அடைத்த உலையில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் பிரியும். அதைக் குளிரவைத்துக் குடுவையில் அடைத்து வெளியே விற்பார்கள். தங்கத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அது ஒரு உபரிப் பொருள், அவ்வளவுதான்.

பெருவில் வேறொரு சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். குவியலும் குட்டையும் குழாயும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. ஆனால் கேட்டைத் தாண்டி லாரி போய்விட்டால் பொறுப்பு கான்ட்ராக்டர் தலையில். உள்ளே தலைக்கவசம் இல்லாமல் ஒருவரையும் விடாதவர்கள், வெளியே போகும் குடுவையின் மூடியை எத்தனை பேர் சரிபார்த்திருப்பார்கள்?

யானகோச்சா கம்பெனி அடுத்துத் தோண்ட நினைத்த கோங்கா சுரங்க விஷயத்தில் மட்டும் எனக்குக் கம்பெனியின் திட்டம் நியாயமாகவே பட்டது. ஏரிகளை எடுத்துவிட்டு அதைவிட அதிகம் தேக்கும் நீர்த்தேக்கங்களைக் கட்டித் தருகிறோம் என்றார்கள். அதை ஏன் ஏற்கவில்லை என்று புரியவில்லை.

மலைநடை:

உருக்காலை ஐயா, கிட்டத்தட்ட இதே கேள்வியை நான் அங்கேயே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோங்கா ஏரிகள் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மேலே போகும் மண் பாதையில் ஒரு கயிறு குறுக்கே கட்டியிருந்தது. பக்கத்தில் அகலமான ஓலைத் தொப்பி போட்ட நாலைந்து பேர். ரோண்டா ஆட்கள். மாட்டுத் திருட்டை ஒழிக்க 1976இல் இதே கஹமார்கா பகுதியில், சோட்டாவில், விவசாயிகளே தொடங்கிய காவல் அமைப்பு அது. பிற்பாடு ஏரிகளுக்கும் காவல் இருக்க ஆரம்பித்தது. யார், எதற்கு வந்தாய், கம்பெனி ஆளா என்று துருவினார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து, இந்தியா என்றதும் கொஞ்சம் தளர்ந்தார்கள்.

ஏரியைச் சுற்றி இச்சுப் புல். காலை வைத்தால் அமுங்குகிறது, ஷூவுக்குள் தண்ணீர் ஏறுகிறது. மழை இல்லாத மாதங்களில் கீழே உள்ள ஊர்களில் ஊற்றாக வருவது இந்த ஈரம்தான் என்று கூட வந்த பெரியவர் சொன்னார். பெரோல், மாலா, அசூல், சிக்கா என்ற நான்கு ஏரிகளைத்தான் 480 கோடி டாலர் திட்டத்துக்காகக் காலி செய்வதாக இருந்தது. சிலவற்றின் அடியில் தாது, மற்றவற்றில் கழிவுப் பாறையைக் கொட்டுவது. நீர்த்தேக்கம் கட்டினால் தண்ணீர் கூடுதலாகத்தானே வரும் என்று கேட்டேன். அவர் கேட்டார்: "ஏரிக்கு மதகு இல்லை. நீங்க கட்டுறதுக்கு மதகு இருக்கும். சாவி யார்கிட்ட இருக்கும்?" சொல்லிவிட்டுச் சோரோபம்பா கதையை ஆரம்பித்தார். 2000இல் பாதரசத்தைப் பத்திரமாகக் கொண்டுபோவோம் என்று சொன்னவர்கள்தானே இப்போது தண்ணீரைப் பத்திரமாகத் தருவோம் என்கிறார்கள் என்பது அவர் வாதம். எத்தனை பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கை கொடுத்தாலும் அந்த வாதத்துக்கு அதில் பதில் இருக்காது என்றுதான் எனக்குப் பட்டது.

2004 செப்டம்பரில் கிலிஷ் மலையில் கம்பெனி ஆய்வுத் துளை போட வந்தபோதும் இதே கதைதான். நகரத்துக்கான குடிநீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சாலையை நாள்கணக்கில் மறித்தார்கள். கடைசியில் அனுமதி ரத்தானது. 2011இல் ஓயாந்தா உமாலா ஜனாதிபதி தேர்தல் பிரச்சாரத்தில் ஏரிகளின் பக்கம் பேசி ஓட்டு வாங்கினார். ஜெயித்த பிறகு தங்கமும் வேண்டும் தண்ணீரும் வேண்டும் என்றார். நவம்பரில் வேலைநிறுத்தம், டிசம்பரில் அவசரநிலை. 2012 ஜூலையில் செலெந்தினிலும் பம்பமார்காவிலும் நடந்த போராட்டங்களில் ஐந்து பேர் செத்தார்கள். 2016இல் நியூமாண்ட் கோங்காவைத் தன் தங்க இருப்புக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. அதே ஆண்டு, தன் நிலத்தை விட்டு நகர மறுத்த விவசாயி மாக்சிமா அகுன்யாவுக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. நில ஆக்கிரமிப்பு என்று அவர்மேல் போட்ட வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது.

ஆண்டர்சன்பேட்டை:

நான் கோலார் தங்க வயல் பையன். தாத்தா வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். எங்களுக்கு நிலத்தடிச் சுரங்கம், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001இல் மூடினார்கள். சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். லிமாவாசி அண்ணா, ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் இவ்வளவுக்கும் அப்புறம் சுரங்கத்தைத் திறக்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்களே அதிகம். கஹமார்காவில் அப்படி யாரும் இல்லையா? வேலை கிடைத்திருக்குமே?

லிமாவாசி:

இருக்கிறார்கள் தம்பி. நான் பேசும் கடைக்காரர்களில் பாதிப்பேர் அந்தக் கட்சி. சுரங்கம் உச்சத்தில் இருந்தபோது நகரம் வீங்கியது. வாடகை ஏறியது, ஷாப்பிங் மால் வந்தது, ஹோட்டலும் மதுக்கடையும் பெருகின. கான்ட்ராக்ட் லாரி ஓட்டியவர்கள் வீடு கட்டினார்கள். கோங்கா நின்றபோது அவர்களுக்குப் பலத்த அடி. என்னிடம் பாக்கி வைத்துக் கடையை மூடியவர்களும் இருக்கிறார்கள், அதனால் அந்தக் கோபம் எனக்குத் தெரியும்.

ஆனால் கோலாருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். உங்கள் ஊரே சுரங்க வேலையால் உண்டான ஊர். இங்கே சுரங்கத்துக்கு முன்பே பாலும் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் விற்றுப் பிழைத்த ஊர்கள் இருந்தன. வெடியும் லாரியும் எந்திரமுமாக நடக்கும் திறந்தவெளிச் சுரங்கத்துக்குக் கோலார் அளவுக்கு ஆள் தேவையில்லை. சுரங்கம் கட்டும் வருமான வரியில் பாதி அந்தப் பகுதிக்கே திரும்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பணமும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் பெருவின் மிக ஏழைப் பகுதிகளின் பட்டியலில் கஹமார்கா பெயர் தவறாமல் வருகிறது. மேலே மாடு வளர்க்கிறவர்களுக்கு அந்தப் பணம் சிமெண்ட் திடலாகவும் அலங்கார வளைவாகவும்தான் கண்ணில் பட்டது.

2022இல் பங்காளிகளிடமிருந்து வாங்கி நியூமாண்ட் முழுச் சுரங்கத்தையும் தன் கைக்குக் கொண்டுவந்தது. அடியில் இருக்கும், கந்தகம் கலந்த சல்ஃபைடு தாதுவைத் தோண்டும் திட்டத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது. அது வந்தால் திரும்பவும் தண்ணீர்ப் பேச்சு தொடங்கும்.

மலைநடை:

தனிச்செய்தியில் வழி கேட்டவர்களுக்கு: ஏரிகளுக்குப் போக நினைத்தால் முந்தின நாளே பக்கத்து ஊர் ரோண்டா தலைவரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சுரங்கக் கம்பெனிச் சின்னம் போட்ட ஜாக்கெட், தொப்பி எதுவும் வேண்டாம். டிரோன் இருந்தால் அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.