ஹாம் ரேடியோ: பிடிடி (பேசற பட்டன்) அமுக்கினா ரிக் (ரேடியோ செட்) அணைஞ்சு போகுது. காலை 5:30க்கு காண்டெஸ்ட், அவசரம்

மாடி_சவுக்கு (வெள்ளி இரவு 9:12)
வணக்கம் ஓஎம்ஸ் (ஹாம் நண்பர்களே). சிக்யூ வேர்ல்டுவைடு எஸ்எஸ்பி, உலகம் முழுக்கப் பேசி பாயின்ட் சேர்க்கற குரல் போட்டி, என் முதல் காண்டெஸ்ட். ஸ்டேஷன் முழுக்க நானே வீட்டுல சேர்த்தது. ரிசீவ் பிரமாதம். பிடிடி அமுக்கி "சிக்யூ"ன்னு சத்தமா கூப்பிட்டா ரிக் டிக்னு அணைஞ்சு திரும்ப ஆன் ஆகுது. மெதுவா பேசினா ஒண்ணும் ஆகல. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புதுங்கற அளவு) ஓகே. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஞாயிறு_நெட் (9:20)
என்ன ரிக்? எத்தனை வாட்? எந்த பேண்ட் (40 மீட்டரா, 20-ஆ, 15-ஆ)? என்ன ஆன்டெனா? பவர் சப்ளை எது? டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா எப்படி தம்பி?

எர்த்குழி (9:24)
எர்த் இருக்கா? நூத்துக்குத் தொண்ணூறு எர்த்துதான். ஆறடி குழி, உப்பு, கரி, செம்புத் தகடு. நான் 1998-ல போட்டது இன்னிக்கும் தங்கமா நிக்குது.

ரெண்டாம்_ஹார்மோனிக் (9:31)
ஆர்எஃப் ஃபீட்பேக். நீங்க அனுப்பற ரேடியோ அலையே கோஆக்ஸோட (ஆன்டெனா கேபிள்) வெளித்தோல் வழியா ரூமுக்குள்ள திரும்பி வருது. அதைத் தடுக்க ஃபீட் பாயின்ட்ல (கேபிள் ஆன்டெனாவுல சேர்ற இடம்) கோஆக்ஸை எட்டுப் பத்து சுத்து சுத்தி சோக் போடுங்க. 40 மீட்டர் டைபோலை (ரெண்டு கை ஒயர் ஆன்டெனா), ட்யூனர்ங்கற பொருத்தற பெட்டி வச்சு 20-ல ஓட்டறீங்களோ? 7 மெகாஹெர்ட்ஸ்ல (40 மீட்டர்) அரை அலை, 14-ல (20 மீட்டர்) முழு அலை. நடுவுல ஆயிரக்கணக்கான ஓம். ட்யூனர் ரிக்கை ஏமாத்தும், கோஆக்ஸை ஏமாத்தாது.

மாடி_சவுக்கு (9:40)
சாரி சார். 100 வாட் ரிக். 40-க்கு இன்வெர்ட்டட் வி (நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரியற டைபோல்), மொத்தம் 20 மீட்டர் ஒயர், மாடியில சவுக்குக் கம்பு. ஒரு பக்கம் தண்ணி டேங்க், இன்னொரு பக்கம் முருங்கை மரம். அதையே 15-லயும் ஓட்டறேன், 20 பக்கமே போகல. சப்ளை எல்இடி போர்டுக்குப் போடற எஸ்எம்பிஎஸ், 12 வோல்ட் 30 ஆம்ப். ட்ரிம்மரைத் திருகி 13.4 வச்சிருக்கேன். மல்டிமீட்டர்ல பார்த்தேன், அதனால சப்ளைல பிரச்சனை இல்ல.

பழைய_கீ (9:52)
ஐப்பசி மழையில முருங்கைக் கொம்புல ஆன்டெனா கட்டின முதல் ஆளு நீங்கதான். சரி, லைசென்ஸ் என்ன கிரேடு? கால்சைன் வியூ3-ல ஆரம்பிச்சா, அதாவது கீழ் கிரேடுன்னா, எச்எஃப்-ல (இந்த பேண்டுகள்ல) 50 வாட்தான். 100 வாட்டுல கத்த உமக்கு யாரு அனுமதி கொடுத்தா? நாங்க எல்லாம் ரெண்டு வருஷம் கேட்டுட்டு அப்புறம்தான் மோர்ஸ் கீயைத் தொட்டோம். இப்ப லைசென்ஸ் வந்த மறுநாளே காண்டெஸ்ட். அதுலயும் எல்லாருக்கும் 59, அருமையா கேக்குதுன்னு ரிப்போர்ட்! காதுலயே விழாதவனுக்கு 59 கொடுத்துட்டு, "கால்சைன் அகெய்ன்"னு மூணு தடவை கேப்பான்.

ஞாயிறு_நெட் (9:58)
சார், காண்டெஸ்ட்ல 59 சும்மா கை குலுக்கறது மாதிரி. முக்கியம் அதுக்குப் பின்னாடி வர சோன் நம்பர் (உலகத்தைப் பிரிச்ச பகுதி எண்), நமக்கு 22. ஐரோப்பாக்காரனுக்கு அது ஒரு மல்டிப்ளையர், மொத்த பாயின்டைப் பெருக்கற எண்ணுல ஒண்ணு கூடும், தேடிப் பிடிச்சு வருவான்.

பழைய_கீ (10:03)
கை குலுக்கறதுன்னா குலுக்குங்க, ரிப்போர்ட்னு ஏன் சொல்றீங்க? ஆர்எஸ்டி (சிக்னல் எப்படிக் கேக்குதுன்னு சொல்ற எண்) வந்ததே உண்மையைச் சொல்லத்தான்.

ரெண்டாம்_ஹார்மோனிக் (10:07)
மோர்ஸ் காண்டெஸ்ட்லயும் எல்லாரும் 599தான் சார் அடிக்கறாங்க. அதுவும் 9-க்குப் பதிலா "என்" எழுத்தை அடிச்சு சுருக்கி.

சாலிடர்_புகை (10:15)
சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். தம்பி, மூணு கேள்வி. 13.4-ஐ சப்ளை டெர்மினல்ல பார்த்தீங்களா, ரிக் முனையிலயா? ரிக் அணையறப்போ எஸ்எம்பிஎஸ்-ல இருக்கற பச்சை லைட்டும் அணையுதா? ரெண்டுக்கும் நடுவுல என்ன ஒயர், எவ்வளவு நீளம்?

மாடி_சவுக்கு (10:22)
சப்ளை டெர்மினல்ல, ரிசீவ்ல இருக்கும்போது. பச்சை லைட் அணையல. ஒயர் வீட்டு வயரிங்ல மிஞ்சினது, 1.5 ஸ்கொயர் எம்எம். நாலு மீட்டர் இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கத்துல இருந்தா 40-ல ரிக் மீட்டர் எஸ்7 வரைக்கும் ஏறற இரைச்சல், அதான் அடுத்த ரூம்ல வச்சேன். இது முக்கியமா சார்?

சாலிடர்_புகை (10:31)
இதுதான் நோயே. 1.5 ஸ்கொயர் செம்பு, மீட்டருக்கு சுமார் 0.012 ஓம். நாலு மீட்டர் போக, நாலு மீட்டர் வர, கிட்டத்தட்ட 0.1 ஓம். சத்தமா பேசறப்போ ரிக் 20 ஆம்ப் இழுக்கும், ஒயர்லயே 2 வோல்ட் போயிடும். 13.4-ல மிச்சம் 11.4. உங்க மேனுவலைப் பாருங்க, 13.8, கூடக்குறைய 15 சதவீதம்னு போட்டிருக்கும். அதாவது 11.7-க்குக் கீழ போனா ரிக்குக்கு மயக்கம். மெதுவா பேசினா கரண்ட் கம்மி, தப்பிச்சுடுது. சப்ளை ட்ரிப் ஆகியிருந்தா பச்சை லைட்டும் போயிருக்கும்.

நம்பலைன்னா எஃப்எம் மோடுல (பவர் நிலையா இருக்கும்), காலியான ஃப்ரீக்வென்சில, மூணு செகண்ட் மட்டும் அமுக்கி, ரிக் முனையில மீட்டரை வச்சுப் பாருங்க. எஸ்எஸ்பி-ல பார்க்காதீங்க, பேச்சோட வேகத்துக்கு மல்டிமீட்டர் ஓடாது.

எர்த்குழி (10:36)
எர்த் சரியா இருந்தா இவ்வளவு கணக்கே தேவைப்படாது.

ரெண்டாம்_ஹார்மோனிக் (10:38)
சோக்கும் போட்டுடுங்க, நஷ்டமில்ல.

மாடி_சவுக்கு (10:54)
10.9!! இந்த நேரத்துல தடி ஒயருக்கு எங்க போவேன்? எல்லாக் கடையும் மூடியாச்சு.

ஞாயிறு_நெட் (10:57)
வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா? அந்த பேட்டரி 12 வோல்ட்தானே. எஸ்எம்பிஎஸ் இரைச்சலும் சேர்ந்து போயிடும்.

சாலிடர்_புகை (11:05)
நல்ல யோசனை. இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி, லீடைக் கழட்டிட்டு எடுங்க. ரிக்கோட வந்த ஒரிஜினல் டிசி கேபிளை நேரா பேட்டரியில மாட்டுங்க, ஃபியூஸை எடுத்துடாதீங்க. பேட்டரி 12.6-தான் தரும், அதனால 50 வாட்டுல வைங்க. பழைய_கீ சாருக்கும் மனசு குளிரும். ஜன்னலைத் திறந்து வைங்க. மின்னல் அடிச்சா கோஆக்ஸைக் கழட்டி வெளிய போட்டுட்டுப் படுங்க, மல்டிப்ளையர் எங்கயும் ஓடிப் போகாது.

பழைய_கீ (11:11)
50 வாட்டுன்னு நான் 9:52-க்கே சொன்னேன். குறிச்சுக்கோங்க.

ரெண்டாம்_ஹார்மோனிக் (சனி மாலை 6:40)
தம்பி என்ன ஆச்சு? 15-ல ஐரோப்பா கொட்டுது, உங்க சத்தத்தைக் காணோம்.

ஞாயிறு_நெட் (ஞாயிறு காலை 7:15)
ஆள் இருக்கீங்களா? முருங்கை விழுந்துடுச்சா?

மாடி_சவுக்கு (திங்கள் காலை 8:03)
பேட்டரிதான். ஒரு தடவைகூட அணையல. 74 கியூஎஸ்ஓ (தொடர்பு). காலைல 15-ல ஜப்பான், ஆசியாங்கறதால ஒரே பாயின்ட். மத்தியானத்துக்கு மேல ஐரோப்பா, மூணு மூணா ஏறுச்சு. நேத்து ராத்திரி மழையில கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடல, அம்மா இன்னும் பேசல. ஆபீஸ் போகணும். எல்லாருக்கும் நன்றி, 73 (வாழ்த்துகள்).

ஞாயிறு_நெட் (8:10)
சபாஷ்! லாக் (பேசின பட்டியல்) அனுப்ப அஞ்சு நாள்தான், மறந்துடாதீங்க. நேரம் யூடிசி-ல (உலகப் பொது நேரம்) போட்டீங்களா, நம்ம நேரத்துலயா?

ஞாயிறு_நெட் (புதன் இரவு 9:30)
தம்பி? யூடிசி-யா?

எர்த்குழி (புதன் இரவு 9:41)
எர்த் போட்டாரா இல்லையா, கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.