அகிலுக்கு எந்த ஜெர்ஸி?

குழு: மூணு வீடும் ஒண்ணா
2025 மே 26, திங்கள்

ரேவதி அண்ணி (காலை 8:12): எல்லாரும் கொஞ்சம் சொல்லுங்க. அகில் பிறந்தநாளுக்கு ஜெர்ஸி இன்னைக்கு ஆர்டர் போட்டாதான் நேரத்துக்கு வரும். மான்செஸ்டர் யுனைடெட், அதான் நம்ம மேன்யூ ஃபுட்பால் டீம், வேணாம்ங்கறான். போன புதன்கிழமை யூரோப்பா லீக் ஃபைனல் தோத்ததுலேர்ந்து முகமே சரியில்ல. நியூகாசில் கேக்கறான். வாங்கவா?

ரகு சித்தப்பா: வேண்டாம்மா. அவசரப்படாத. கொஞ்ச நேரத்துல விளக்கமா எழுதறேன்.

பிரியா: போச்சு

கார்த்திக்: *ஃபார்வர்ட் செய்யப்பட்டது* மேன்யூ முழுசா வித்தாச்சு!!! ஓனர் கிளேசர் குடும்பம் வெளியே!!! புது ஓனர் நாளைக்கே அறிவிப்பு!!! எல்லா ரசிகருக்கும் பகிரவும்!!!

கார்த்திக்: அண்ணி மேன்யூவே வாங்குங்க. இனிமே எல்லாம் மாறிடும்

மணி பெரியப்பா: எவன் வாங்கினாலும் லீக்ல 15-ஆவது இடம் 15-ஆவது இடம்தான்.

ரகு சித்தப்பா: அண்ணா, காலங்காத்தால வேண்டாம்.

கமலா அத்தை: ஆரம்பிச்சாச்சா? 2008-ல உடைஞ்ச ரிமோட்டே போதும்.

பிரியா: அத இன்னும் யார் உடைச்சான்னு தெரியாது அத்தை

மணி பெரியப்பா: உடைச்சது யாரோ. மேன்யூ கூட நடந்த அந்த ஃபைனல்ல எங்க செல்சி கேப்டன் டெர்ரி பெனால்டியில வழுக்கி விழுந்தப்ப சிரிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்.

ரகு சித்தப்பா: நான் சிரிக்கல. நடு அண்ணன் சிரிச்சார்.

மணி பெரியப்பா: இல்லாதவன் மேல போடாத.

பிரியா: அப்பாதான் சிரிச்சார் பெரியப்பா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

கமலா அத்தை: அதுவும் மே 21. இந்த ஃபைனலும் மே 21. எனக்கு அன்னைக்கே மனசு சரியில்ல.

ரேவதி அண்ணி: ஜெர்ஸி?

ரகு சித்தப்பா (9:40): கார்த்தி, முதல்ல அந்த ஃபார்வர்டை அழி. கிளப்போட பங்கு 2012-லேர்ந்து நியூயார்க் பங்குச் சந்தையில இருக்கு. முழுசா கைமாறினா அங்க சொல்லியாகணும், நம்ம குழுவுக்கு முதல்ல வராது. 2022 நவம்பர்லயும் இப்படித்தான் விக்கப் போறாங்கன்னு குதிச்சோம். கத்தார் ஷேக் ஜாசிம் வரார், கடன் எல்லாம் தீந்துடும்னு மாசக்கணக்கா காத்துக்கிட்டிருந்தோம். 2023 அக்டோபர்ல அவர் விலகிட்டார். கடைசியில பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் 2024 பிப்ரவரியில கால்வாசிக்கு மேல பங்கு வாங்கி ஃபுட்பால் பொறுப்பை எடுத்துக்கிட்டார். கடிவாளம் இன்னும் கிளேசர்கிட்டதான்.

ரகு சித்தப்பா: புது ஆள் வந்தா போதும்னு நினைக்கறவங்க இந்த ஒரு வருஷத்தைப் பாருங்க. எஃப்.ஏ. கப் ஜெயிச்சதும் மேனேஜர் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டிச்சாங்க, அக்டோபர்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த்தை நியூகாசில்கிட்ட மாசக்கணக்கா பேரம் பேசிக் கூட்டிட்டு வந்தாங்க, அஞ்சே மாசத்துல அவரும் கிளம்பிட்டார். கடைசியில 38 மேட்ச்ல 18 தோல்வி, 42 புள்ளி. பிரீமியர் லீக்னு பேர் வந்ததுலேர்ந்து நமக்கு இவ்வளவு மட்டமான வருஷம் கிடையாது.

பிரியா: படிச்சு முடிச்சுட்டு வரேன்

கார்த்திக்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மணி பெரியப்பா: 2003-ல அப்ரமோவிச் எங்க செல்சிக்கு ஓனரா வந்தார். 2005-ல லீக் ஜெயிச்சோம். 50 வருஷம் கழிச்சு. ரெண்டே சீசன். இதுக்கு என்ன சொல்ற?

ரகு சித்தப்பா: அப்ப நீங்க தோக்கற டீம் இல்லண்ணா. அதுக்கு முந்தின சீசன்ல 4-ஆவது வந்த டீம். 2022-ல அடுத்த ஓனர் குழு வந்து கோடி கோடியா கொட்டினாங்களே, முதல் சீசன் எத்தனாவது?

மணி பெரியப்பா: 12

மணி பெரியப்பா: இப்ப 4. வர்ற புதன்கிழமை கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல். ஸ்பெயின் டீம் பெட்டிஸ் கூட. எங்க வீட்டுல பாக்கறோம்.

கமலா அத்தை: "பாக்கறோம்"னா யார் யாரு?

செந்தில்: ஆபீஸ்ல இருக்கேன். என்ன முடிவாச்சு

ரேவதி அண்ணி: ஒண்ணும் ஆகல.

பிரியா: ரெக்ஸம் டீம் மட்டும் எப்படி சித்தப்பா? ரெண்டு நடிகர்கள் வாங்கினாங்க, வரிசையா மூணு வருஷம் மேல ஏறிட்டாங்க

ரகு சித்தப்பா: நல்ல கேள்விம்மா. கீழ் டிவிஷன்ல பணம் ரொம்ப தூரம் போகும், அது ஒண்ணு. ஆனா அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சது வேற. எங்களுக்கு ஃபுட்பால் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. 2021-ல ஃபில் பார்கின்சனைக் கொண்டுவந்தாங்க, முதல் சீசன்ல பிளே ஆஃப்ல தோத்தப்பவும் அவரைத் தொடல. இன்னைக்கும் அவர்தான் மேனேஜர். ஓனரோட பர்ஸை மட்டும் பாத்தா போதாது. யார்கிட்ட வேலையைக் குடுக்கறாரு, குடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு இருக்காராங்கறதைப் பாக்கணும்.

கார்த்திக்: பிளாக்பர்ன் டீமை வாங்கின வெங்கீஸ்?

ரகு சித்தப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். பிளாக்பர்ன் 1995 சாம்பியன். 2010 நவம்பர்ல நம்ம நாட்டுக் கம்பெனி வாங்குதுன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீம் 13-ஆவது இடத்துல பத்திரமா இருந்துச்சு. அடுத்த மாசமே மேனேஜர் ஆலர்டைஸை எடுத்தாங்க. 2012-ல பிரீமியர் லீக்லேர்ந்து வெளிய. 2017-ல மூணாவது டிவிஷன்.

கார்த்திக்: மேட்ச் நடுவுல கோழிய விட்டாங்களே!

கமலா அத்தை: கோழியா? எதுக்கு?

பிரியா: அவங்க கோழி கம்பெனி அத்தை. ரசிகர்கள் எதிர்ப்பு காட்ட விட்டது

கமலா அத்தை: பாவம், அது என்ன பண்ணுச்சு.

ரேவதி அண்ணி: சின்ன மாமா, நீங்க சொல்றது எல்லாம் சரி. பையன் ஸ்கூல்ல கிண்டல் தாங்காம அழறான். 11 வயசு. 2005 கடனை நான் எப்படி அவனுக்குச் சொல்றது?

மணி பெரியப்பா: நான் சொல்றேன். அடுத்தவன் வீட்டை வாங்க அதே வீட்டை அடமானம் வெச்சாங்க. அவ்வளவுதான்.

ரகு சித்தப்பா: அண்ணா சொன்னது ரொம்பச் சரி. 2005-ல கிளேசர் குடும்பம் மேன்யூவைச் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கினாங்க. பெரும்பகுதி கடன். கடனே இல்லாத கிளப் தலையில அதை ஏத்தினாங்க. அதுக்கப்புறமும் மேனேஜர் ஃபெர்குசன் அஞ்சு தடவை லீக் ஜெயிச்சார், அதனால நமக்கு ஓட்டை தெரியல. 2013-ல அவர் போனதும் கூரையே ஒழுக ஆரம்பிச்சுது. இப்ப செலவைக் குறைக்கறோம்னு போன வருஷம் 250 பேரை வேலையை விட்டு எடுத்தாங்க.

கமலா அத்தை: அவங்களா கோலை விட்டாங்க? இது என்ன நியாயம்.

மணி பெரியப்பா: கமலா சொல்றதுதான் சரி.

பிரியா: இந்தக் குழுவுல பெரியப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் ஒரே பக்கம். தேதியைக் குறிச்சு வைங்க

ரகு சித்தப்பா (1:25): ரேவதி, நியூகாசில் வாங்கறதுன்னா வாங்கு. ஆனா அவன்கிட்ட இதைச் சொல்லிட்டு வாங்கு. 2021 அக்டோபர் 7, சவுதி அரசு ஃபண்ட் அந்த டீமை வாங்கினப்ப அவங்க 7 மேட்ச்ல ஒண்ணு கூட ஜெயிக்கல. ஓனர் மாறின பிறகும் இன்னொரு 7 மேட்ச் ஜெயிக்கல. டிசம்பர் 4-ல பர்ன்லியை 1-0ன்னு அடிச்சப்பதான் மூச்சு வந்துச்சு. நடுவுல மேனேஜரா எடி ஹவ் வந்தார். ஜனவரியில ட்ரிப்பியர், புரூனோ, டான் பர்ன்னு எந்த இடத்துல ஓட்டையோ அங்க ஆள் போட்டாங்க. அப்பவும் கோப்பைக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த மார்ச் லீக் கப் ஃபைனல்ல முதல் கோல் அடிச்ச டான் பர்னை, அகில் வயசுல, 11-ல, இதே நியூகாசில் வேணாம்னு அனுப்பிட்டாங்க. அதையும் சொல்லு.

ரேவதி அண்ணி: இது நல்லா இருக்கு. இதைச் சொல்றேன்.

கார்த்திக்: சித்தப்பா அப்ப மேன்யூ தேறுமா தேறாதா? ஒரே வரில

ரகு சித்தப்பா: கடன் தீரணும், ஃபுட்பால் தெரிஞ்ச ஒருத்தர் கையில மூணு வருஷம் முழுசா விடணும். ரெண்டும் நடந்தா தேறும். வெறும் பேர் மாறினா தேறாது.

பிரியா: ரெண்டு வரி ஆயிடுச்சு பரவாயில்ல

செந்தில்: கார்டிஃப் டீம் மாதிரி ஜெர்ஸி கலரை மாத்தாம இருந்தா சரி

கமலா அத்தை: கலரையா மாத்தினாங்க?

செந்தில்: நீலத்தை 2012-ல சிவப்பாக்கினார் ஓனர். 2015-ல திரும்ப நீலம். மீட்டிங் வந்துடுச்சு, அப்புறம்

ரேவதி அண்ணி (4:50): அகில் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டான். டான் பர்ன் கதை சொன்னேன். குரல் செய்தி அனுப்பறான்.

ரேவதி அண்ணி: *குரல் செய்தி, 0:19*

பிரியா: அய்யோ செல்லம்

ரகு சித்தப்பா: ரெண்டு தடவை கேட்டுட்டேன். தாத்தாவோட பழைய மேன்யூ ஜெர்ஸி எங்கன்னு கேக்கறானே, அது யார்கிட்ட இருக்கு?

மணி பெரியப்பா: என்கிட்ட. தம்பி போனதுக்கப்புறம் பீரோவுல எடுத்து வெச்சேன். துவைச்சுதான் வெச்சிருக்கேன்.

பிரியா: பெரியப்பா, நீங்களா?

மணி பெரியப்பா: அகிலுக்குப் பெருசா இருக்கும். புதன்கிழமை வந்து வாங்கிக்கட்டும்.

கமலா அத்தை: ரகு நீயும் வா.

ரகு சித்தப்பா: பாக்கறேன்.

ரேவதி அண்ணி: சரி, அப்ப புதுசு ஆர்டர் போடவா வேணாமா? சைஸாவது சொல்லுங்க. யாராவது?